கூலண்ட் குறைவதெல்லாம் கசிவா? ஒரு கலைச்சொல் விவாதம்

திருமங்கலத்திலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக ஒரு செய்முறைத் தாள் தமிழில் தயாராகிறது. மாருதி 800, ஜென், இண்டிகா போன்ற பழைய வண்டிகளில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஏன் குறைகிறது என்று கண்டுபிடிப்பது பற்றியது. வரைவில் எல்லா இடத்திலும் 'குளிர்நீர்க் கசிவு' என்று போட்டாயிற்று. அங்கேதான் சிக்கல். கசிவு என்று படித்த பையன் நேரே வண்டிக்கு அடியில் குனிகிறான். தரை காய்ந்திருந்தால் 'கசிவு இல்லை' என்று எழுதிவிட்டு, ரேடியேட்டரை நிரப்பி அனுப்பிவிடுகிறான்.

கூலண்ட் வெளியே ஒழுகலாம். ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்காமல் பொங்கி வெளியேறலாம். ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு) வழியாக இன்ஜினுக்குள்ளேயே போகலாம். மூன்றாவது வகையில் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது. ஆகவே மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல்லும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்லும் வேண்டும். பொதுச்சொல்லாக 'குளிர்வி இழப்பு' என்பது என் முன்மொழிவு. மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வரவும்.

ஆரப்பாளையத்திலிருந்து:

வாத்தியாரே, பட்டறையில இழப்புன்னா துக்க வீடுதான் ஞாபகத்துக்கு வரும். நாங்க சொல்றது 'தண்ணி குறையுது'. எங்க போகுதுன்னு தெரியலைன்னா 'வண்டி தண்ணி குடிக்குது'. இந்த ரெண்டும் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு.

வேலையைப் பிரிச்சு வச்சுக்கிட்டா சொல் தானா வரும். இன்ஜின் முழுசா ஆறின பிறகுதான் மூடியத் திறக்கணும். சூட்டுல திறந்தா அழுத்தம் விட்டவுடனே உள்ளே கொதிச்சு முகத்துல அடிக்கும். ரேடியேட்டரைக் கழுத்து வரைக்கும் நிரப்பி, ரேடியேட்டரோட சேர்ந்த கூலண்ட் பாட்டில்ல மார்க்கரால கோடு போட்டு, 100 கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப ஆறவச்சுப் பார்க்கணும். எத்தனை மில்லி ஊத்தினோம்னு அளவு ஜாடியில அளந்து எழுதணும். 'கொஞ்சம் குறைஞ்சது' என்பது கணக்கே இல்ல.

அடுத்தது, ரேடியேட்டர் மூடி இருக்குற இடத்துல மாட்டி அழுத்தம் ஏத்துற, கைப்பம்பு வச்ச பிரஷர் டெஸ்டர். மூடியில 0.9ன்னு அடிச்சிருந்தா 0.9 பார், 1.1ன்னா 1.1 பார். அதுக்கு மேல ஏத்தினா நல்லா இருக்குற ரேடியேட்டர்லயும் பிளாஸ்டிக் தொட்டி விட்டுக்கும். 15 நிமிஷம் முள் அசையக் கூடாது. இறங்கினா பார்க்க வேண்டிய இடங்கள்: ஹோஸ் வாய், கிளாம்ப், பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் மடிச்சுச் சேர்ற ஓரம், வாட்டர் பம்புக்கு அடி, பிளாக்குல துளையை அடைச்சிருக்குற டம்மித் தகடு. ஹீட்டர் உள்ள வண்டின்னா டேஷ்போர்டுக்குக் கீழ கார்பெட்டைத் தூக்கிக் கையால தடவிப் பார்க்கணும். கண்ணாடியில உள்பக்கமா எண்ணெய்ப் படலம் மாதிரி படிஞ்சு, இனிப்பு வாடை அடிச்சா ஹீட்டர்தான். சூட்டுல ஒழுகாத கிளாம்ப் சில சமயம் காலையில ஆறின நிலையில ஒழுகும், ரப்பர் சுருங்குறதால. அதனால ஆறினப்பவும் சூடா இருக்குறப்பவும் ரெண்டு தடவை பார்க்கணும்.

மேலூரிலிருந்து:

இருவருக்கும் வணக்கம். தமிழ் ஆசிரியை என்ற முறையில் முதலில் 'குளிர்நீர்' பற்றி. அது பானைத் தண்ணீரைத்தான் குறிக்கும். தாளில் அப்படி எழுதினால், குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றலாம் என்று பையன் எடுத்துக்கொள்வான். 'குளிர்வி' அமைப்பில் சரியான சொல்தான். ஆனால் ஏசிக்குள் ஓடும் வாயுவுக்கும் அதையே எழுதுகிறார்கள். ஒரே வண்டியில் இரண்டும் இருக்கும்போது குழப்பம் வரும். கூலண்ட் என்றே விட்டுவிடுவோம். ஊரே சொல்லும் சொல்லை மாற்ற நாம் யார்?

கசிவின் வகைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. சொட்டுதல், ஒழுகுதல், பீச்சுதல், ஊறுதல், வடிதல். இவற்றோடு 'பொசிதல்'. வாய்க்கால் தண்ணீர் வரப்போரப் புல்லுக்குப் பொசிகிறது என்போமே, அது. நீர் ஓடாது, தெரியாது, ஆனால் ஈரம் போயிருக்கும். சூடான இன்ஜினில் கசிந்த இடத்திலேயே ஆவியாகி, சொட்டாமலேயே போகும் கசிவுக்குப் 'பொசிவு' பொருந்தும். அது விட்டுச்செல்லும் வெள்ளை, பச்சைப் பொடிக்கு 'உப்புப்பூ' என்று வைக்கலாம். சுவரில் உப்புப் பூக்கிறது என்பதே வழக்கு.

பொதுச்சொல்லுக்கு என் முன்மொழிவு 'வற்றல்'. கண்மாய் வற்றுகிறது என்றால் மடை வழியா, வெயிலிலா, மண்ணுக்குள்ளா என்று சொல் சொல்வதில்லை. மட்டம் இறங்கியதை மட்டும் சொல்கிறது. வாத்தியார் கேட்பதும் அதைத்தானே?

ஆரப்பாளையத்திலிருந்து:

அம்மா, 'கூலண்ட் வற்றல்'னு தாள்ல எழுதுங்க, பையன் 'கூலண்ட் வத்தல்'னுதான் படிப்பான். சுண்டவத்தல், மணத்தக்காளி வத்தல் வரிசையில போய் உட்கார்ந்துக்கும். பொசிவுக்கும் உப்புப்பூவுக்கும் என் ஓட்டு. ரெண்டையும் பட்டறையில இன்னைக்கே சொல்லலாம்.

திருமங்கலத்திலிருந்து:

வற்றல் போகட்டும். அம்மா சொன்ன கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'மட்டக்குறைவு' என்று வைக்கிறேன். கண்ணால் காண்பது மட்டம்தான். காரணம் பிறகு. ஒரு நிபந்தனை: மட்டம் என்பது ரேடியேட்டர் கழுத்தில் பார்ப்பது, பாட்டிலில் அல்ல.

மூடியில் இரண்டு வால்வு உண்டு. ஒன்று அழுத்தம் கூடினால் கூலண்டைப் பாட்டிலுக்குத் தள்ளும். மற்றது இன்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து திரும்ப இழுக்க வழிவிடும். இரண்டாவது ஒட்டிக்கொண்டால் பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் உள்ளே ஒடுங்கி நிற்பது அதன் அடையாளம். பாட்டிலை மட்டும் பார்த்த பையன் 'மட்டம் சரி' என்று எழுதிவிடுவான்.

இனி 'தண்ணி குடிக்குது' என்பதற்கு வருவோம். 'உட்குடி' என்று சொல்லாக்கலாமா என்று எனக்கும் ஆசைதான். அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கேஸ்கட் எரிவறைக்கும் கூலண்ட் வழிக்கும் நடுவே போயிருந்தால், இன்ஜின் ஓடும்போது எரிவறை அழுத்தம்தான் பல மடங்கு பெரிது. ஆகவே வாயு கூலண்டுக்குள் ஊதப்படும். ரேடியேட்டரில் குமிழ் வரும், கூலண்ட் பாட்டிலுக்குத் தள்ளப்படும். இன்ஜினை நிறுத்திய பிறகு மிஞ்சி நிற்கும் கூலண்ட் அழுத்தம், அதே வழியாகச் சிலிண்டருக்குள் கூலண்டைத் தள்ளும். காலையில் கிளப்பியவுடன் ஒரு சிலிண்டர் அடிக்காமல் உதறுவதும், வெள்ளைப் புகை வருவதும் அதனால். ஓடும்போது ஊதுகிறது, நிற்கும்போது குடிக்கிறது. 'உட்குடி' என்று படித்தவன் குமிழைத் தேட மாட்டான்.

வத்தலக்குண்டிலிருந்து:

அப்படியானால் 'உட்கசிவு' போதும். திசையைத் தனியே சொல்லிக்கொள்ளலாம்: எரிவறை உட்கசிவு, ஆயில் உட்கசிவு. ஆயிலில் கலந்தால், ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் மோர் மாதிரி வரும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் அவசரப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது ஈரம் படிந்ததாகவும் இருக்கும்.

எரிவறை உட்கசிவுக்கு நம்பகமான சோதனை நீல நிறத் திரவம். ரேடியேட்டர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கழுத்தில் குழாயை வைத்து, மேலே தேங்கும் காற்றைத் திரவத்தின் வழியே இழுக்க வேண்டும். பெட்ரோல் வண்டியின் எரிவாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலண்டே உள்ளே ஏறிவிட்டால் சோதனை கெட்டது, புதுத் திரவம் ஊற்ற வேண்டும். அது கையில் இல்லையென்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கலாம். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டர்தான். ஹெட்டை இறக்கினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடக் கூடாது. மாருதி 800-இல் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் கோணுவது ஹெட்தான். நேர்ச்சட்டமும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். பல சிறு வண்டிகளில் 0.05 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் சமன்செய்ய அனுப்ப வேண்டும்.

பொங்குவதற்குத் தனிச்சொல் அவசியம் வேண்டும். எங்கள் மலைச்சாலையில் அதுதான் அதிகம். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி 0.9 பார் தாங்கினால் கவலையில்லை. ரப்பர் வளையம் வெடித்த மூடியோடு ஏறினால், எலக்ட்ரிக் ஃபேன் சுற்றத் தொடங்கும் முன்பே உள்ளே கொதித்துவிடலாம். 'பொங்கிவழிவு' என்று முன்மொழிகிறேன். 'பொங்கல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம்மூரில் பொங்கினால் குலவை போடுவார்கள்.

மேலூரிலிருந்து:

பொங்கிவழிவு, உட்கசிவு, மட்டக்குறைவு மூன்றும் எனக்குச் சம்மதம். வரைவில் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளைக்கு 'அழுதுளை' என்று போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'வீப் ஹோல்' என்று அது அழுகிறது என்பதற்காக நம் பம்பையும் அழ வைக்க வேண்டுமா? அந்தத் துளை எதற்கு?

திருமங்கலத்திலிருந்து:

அம்மா, பம்புக்குள் ஒரு சீல், அதற்கு அப்பால் பேரிங். சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்கை அரிக்காமல் வெளியே வர வழி வேண்டும். அதோடு, சீல் போனதை வெளியிலிருந்து காட்டவும் வேண்டும். புதுப் பம்பில் தொடக்கத்தில் லேசான ஈரம் இருக்கலாம். சொட்டினாலோ, கீழே உப்புப்பூ கோடாக இறங்கியிருந்தாலோ பம்பை மாற்றத்தான் வேண்டும். கசிகிறதே என்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் கூலண்ட் பேரிங்குக்குத்தான் போகும்.

மேலூரிலிருந்து:

அப்படியானால் அது அழுவதில்லை, சாட்சி சொல்கிறது. 'சாட்சித் துளை' என்று வையுங்கள். சாட்சியின் வாயை அடைக்கக் கூடாது என்று பையனுக்கும் விளங்கும்.

ஆரப்பாளையத்திலிருந்து:

சாட்சித் துளை பிரமாதம்மா. தாள்ல இன்னும் நாலு வரி சேர்க்கணும். பொசிவு அடைக்க ரேடியேட்டர்ல மஞ்சள் தூள் போடுற பழக்கம் இன்னும் இருக்கு. அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்காது, ரேடியேட்டரோட மெல்லிய குழாயையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். சூடேறுதுன்னு, சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலண்ட் வழியைத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியுறதும் வைத்தியம் இல்ல. நிரப்புறது போர் தண்ணியா இருக்கவே கூடாது. நம்ம பக்கத்து உப்புத் தண்ணி உள்ளே பாறை கட்டும். செறிவான கூலண்ட்னா பாதிக்குப் பாதி பேட்டரி தண்ணி, கலந்தே வர்றதுன்னா அப்படியே ஊத்தணும். கீழே சிந்தினதைத் தண்ணி விட்டுக் கழுவணும். இனிப்பா இருக்கும்னு தெரு நாய் நக்கிச் செத்துப்போகும்.

அப்புறம், ஏசி போட்டு நிறுத்தின வண்டிக்கு அடியில, பெரும்பாலும் இடப்பக்கம், தெளிவா வாடையில்லாமச் சொட்டுறது ஏசி தண்ணி. அதைக் கசிவுன்னு எழுதி வச்சுடாதீங்க. விரலால தொட்டாப் பிசுபிசுப்பு இருக்காது. அதுக்குப் புதுச் சொல்லும் வேண்டாம்.