காற்றுந்து நீர்ப்பரிமாற்றமா, காற்றுத்தூண்டு நீர்ப்பரிமாற்றமா?

அன்புடையீர்,

வானிலைக் காற்றால் கழிமுகத்துக்கும் கரையோரக் கடலுக்கும் இடையே நீர் போய்வருவதைக் குறிக்க முன்மொழியப்பட்ட 'காற்றுந்து நீர்ப்பரிமாற்றம்' என்னும் சொல்லில் பிற்பகுதி மிகப் பொருத்தமானது. 'உந்து' என்பதை ஏற்கத்தான் தயங்குகிறேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே நீரும் தள்ளப்படுகிறது என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். நம் கரையில் நடப்பது அதுவன்று.

சுவீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மான் 1905இல் விளக்கியபடி, புவி சுழல்வதால் வடகோளத்தில் காற்று இழுத்துச்செல்லும் மேல்நீரின் மொத்தப் பெயர்ச்சி காற்றின் திசைக்கு வலப்புறமாக 90 பாகை விலகி அமைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும்போது அதன் வலப்புறம் இருப்பது சென்னைக் கரை. ஆகவே நீர் கரையோரம் சேர்ந்து கடல்மட்டம் உயர, அடையாற்றுக் கழிமுகத்துக்குள் உப்புநீர் ஏறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கரையோரமாக வடக்கு நோக்கி வீசுகையில் மேல்நீர் கரையை விட்டு விலகுவதால் கடல்மட்டம் தாழ்ந்து, கழிமுகத்து நீர் வெளியேற வழி பிறக்கிறது. இரண்டு வேளையிலும் காற்று முகத்துவாரத்துக்குள் நேரே வீசுவதில்லை.

வாடை நான்கைந்து நாள் விடாமல் வீசும்போது அடையாற்று உடைந்த பாலத்தருகே நின்று பார்த்தால், நீர் வற்றும் வேளையிலும் தூண்களில் சிப்பி படிந்த பகுதி முழுவதும் வெளியே தெரிவதில்லை. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறி வற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஏறி இறங்கும் மட்டமே உயர்ந்துவிடுகிறது. மழைவெள்ளம் கடலுக்கு வடிய வேண்டிய மாதங்களும் இவையே என்பதால், இந்நிகழ்வுக்கான சொல் சென்னை மக்களுக்குப் புரியும்படி அமைய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். காரணத்தைச் சொல்லித் திசையைச் சொல்லாமல் விடும் 'காற்றுத்தூண்டு நீர்ப்பரிமாற்றம்' என்பதை முன்வைக்கிறேன்.

இவ்வாறு பல நாள் நீளும் மட்டமாற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'சப்டைடல்' (subtidal) என்பதற்கு 'ஓதக்கீழ்' வேண்டாம். உயிரியலார் அதே ஆங்கிலச் சொல்லால் வற்றுமட்டத்துக்குக் கீழே எப்போதும் மூழ்கியிருக்கும் கடற்பகுதியைக் குறிக்கின்றனர். இங்கோ அது ஓதத்தைவிட மெதுவாக, சில நாள் முதல் இரண்டு வாரம் வரை நீளும் மட்டமாற்றத்தைக் குறிக்கிறது. 'பன்னாள் ஏற்றவற்றம்' என்றால் குழப்பமில்லை.

இன்னோர் இணைச்சொல்லும் தேவை. திறந்த கடல்மேல் வீசும் காற்று கரையோர மட்டத்தை மாற்றி, அதன் வழியே கழிமுகத்தைப் பாதிப்பதைச் 'சேய்மைக்காற்று விளைவு' என்றும், கழிமுகத்தின் நீர்ப்பரப்பிலேயே வீசும் காற்றின் வேலையை 'அண்மைக்காற்று விளைவு' என்றும் சொல்லலாம். அடையாறு போன்ற குறுகிய கழிமுகத்தில் முன்னது ஓங்கியிருக்கும். பழவேற்காடு போன்ற அகன்ற, ஆழமற்ற ஏரியிலோ காற்று நீரை ஒரு கரைக்கு ஒதுக்கி மறுகரையில் சேற்றை வெளிக்காட்டும். சுமார் 300 கி.மீ. நீளமுள்ள அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், கடலை நோக்கி வீசும் காற்று மேல்நீரை வெளியே அனுப்ப, அடிநீர் உள்ளே வருகிறது. 'பரிமாற்றம்' என்ற சொல்லை விடக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துவிட்டால் இவ்விரு காற்றாலும் நீர் மாறாது. அந்நிலைக்கு நம் மீனவர் வழக்கில் சொல் இருந்தால், அறிந்தவர்கள் எழுதுங்கள். புதிதாக ஆக்குவதைவிட அதையே எடுத்துக்கொள்ளலாம்.