இரண்டு அம்மா வீட்டுப் பிள்ளைகளின் கதை: பதின்வயதினருக்கு எந்த நாவல் கொடுக்கலாம்?

மழைக்காகம்:
என் அக்கா மகள் டொராண்டோவில் படிக்கிறாள், 14 வயது. அவளுடைய நெருங்கிய தோழிக்கு இரண்டு அம்மா. இருவரும் சேர்ந்து படிக்க ஒரு நாவல் சொல்லுங்கள் என்று கேட்டாள். தேடினால் சின்னக் குழந்தைகளுக்கான படப்புத்தகம் வருகிறது, இல்லாவிட்டால் தான் தன்பாலீர்ப்பாளர் என்று ஒரு பிள்ளை வீட்டில் சொல்லும் கதை வருகிறது. பெற்றோர் தன்பாலீர்ப்பாளர்களாக இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளையின் கதை எங்கே? கண்ணில் பட்ட ஒன்றிரண்டிலும் பள்ளியில் கேலி, அழுகை, கடைசியில் சமாதானம். அந்தப் பெண் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், அவளிடம் போய் "உன் பாடு எவ்வளவு கஷ்டம் பார்" என்று சொல்லும் புத்தகத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பழைய_அலமாரி:
நீங்கள் சொல்வது பழைய நாவல்களுக்கு ரொம்பவே பொருந்தும். ஏ.எம். ஹோம்ஸின் 'ஜாக்' 1989இல் வந்தது. அதில் அப்பா மகனைப் படகில் ஏரிக்குள் அழைத்துப்போய், எழுந்து ஓட முடியாத இடத்தில் வைத்துத்தான் தான் தன்பாலீர்ப்பாளர் என்பதைச் சொல்கிறார். ஜாக்குலின் வுட்சனின் 'ஃப்ரம் த நோட்புக்ஸ் ஆஃப் மெலனின் சன்' 1995. புரூக்ளினில் வளரும் கறுப்பினப் பையன், அம்மா காதலிப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை. அவனுக்கு எது அதிகம் வலிக்கிறது, அவள் பெண் என்பதா வெள்ளை என்பதா என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான்சி கார்டனின் 'ஹோலிஸ் சீக்ரெட்' 2000. நியூயார்க்கிலிருந்து கிராமப்புறத்துக்குக் குடிபோகும் பெண் பெயரையே மாற்றிக்கொண்டு இரண்டு அம்மாக்களை மறைக்கப் பார்க்கிறாள். மூன்றிலும் பெற்றோர் யார் என்பதுதான் சிக்கல். ஆனாலும் 'ஜாக்'கைத் தள்ளிவிடாதீர்கள்: அவன் பொறாமைப்படும் நண்பன் வீட்டில், எல்லாம் ஒழுங்காகத் தெரியும் அந்த வீட்டில், அப்பா அம்மாவை அடிக்கிறார். அது தெரியவரும் இடம் இன்றைக்கும் நிற்கிறது.

கீழவீதி:
கஷ்டமே இல்லாத புத்தகம்தான் வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜூலி ஆன் பீட்டர்ஸின் 'பிட்வீன் மாம் அண்ட் ஜோ' (2006) படியுங்கள். நிக் என்ற பையன், மூன்று கால் நாய், கொஞ்சம் மீன், இரண்டு அம்மா. அவர்கள் பிரிகிறார்கள், எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பெற்றவள் ஒருத்தி, அவனோடு அதிகம் ஒட்டியவள் ஜோ, சட்டத்தின் கண்ணில் ஜோவுக்கு அவன்மேல் எந்த உரிமையும் இல்லை. குடி, நோய், சண்டை எல்லாம் உண்டு, இரண்டு பேரும் உத்தமிகள் இல்லை, அதனாலேயே அவர்கள் அம்மாக்களாகத் தெரிகிறார்கள். இது தூரத்து அமெரிக்கக் கதை என்றும் தள்ள முடியாது. 17 அக்டோபர் 2023 அன்று நம் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்ததோடு, இணையராகச் சேர்ந்து தத்தெடுப்பதையும் 3-2 என்று மறுத்தது. தனி ஆளாக ஒருவர் தத்தெடுக்கலாம், அப்புறம் அந்தக் குழந்தையை வளர்க்கும் இன்னொருவர் காகிதத்தில் யாரோ. ஜோவின் நிலை அப்படியே இங்கே இருக்கிறது.

மழைக்காகம்:
ஜோ கதையை முதலில் நானே படிக்கிறேன். ஆனால் பெற்றோர் பிரியும் கதையை அந்தத் தோழிக்கு முதல் புத்தகமாகக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

தாளோசை:
அப்படியென்றால் பெக்கி ஆல்பர்டாலியின் 'தி அப்சைட் ஆஃப் அன்ரிக்வைட்டட்' (2017). 17 வயது இரட்டைச் சகோதரிகள், இரண்டு அம்மா, ஒரு குட்டித் தம்பி. 2015இல் தன்பாலினத் திருமணத்தை ஏற்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அம்மாக்கள் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள். ஆனால் கதையைச் சொல்லும் சகோதரி மாலியின் தலைக்குள் ஓடுவது அது இல்லை. தன் உடம்பைப் பற்றிய கூச்சம், ஒருதலைக் காதல்கள், அக்கா தங்கை விலகிப் போவது, இவைதான். அம்மாக்கள் அந்த வீட்டில் அம்மாக்களாக இருக்கிறார்கள், அவ்வளவே. காதல் பேச்சும் குடியும் கொஞ்சம் தாராளம், 14 வயதுக்குச் சரிவருமா என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னும் சின்னவர்கள் வீட்டில் இருந்தால் டானா அலிசன் லெவியின் ஃப்ளெட்சர் குடும்பக் கதை, 2014: இரண்டு அப்பா, தத்தெடுத்த நான்கு பையன்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு ஓயாத தகராறு.