அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல்: கையெழுத்து யார் போடுவது?

பொது மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனச்சிதைவு நோய் உள்ள ஒருவருக்குச் சர்க்கரை நோயால் வலது கால் விரல்கள் அழுகிவிட்டன. அகற்ற வேண்டும் என்றால், "கால் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். ஒரு வாரமாக இதே பேச்சுதான். ஆன்டிபயாடிக் ஓடுகிறது, காய்ச்சல் இல்லை, ஆனால் கருமை மேலே ஏறுகிறது.

மனநல மருத்துவர் பார்த்துவிட்டு, விளைவைப் புரிந்து முடிவெடுக்கும் திறன் இப்போது இல்லை என்று எழுதிவிட்டார். மருந்தின் அளவைக் கூட்டியும் பலனில்லை. தம்பி கையெழுத்துப் போடத் தயார். சரி, அது செல்லுமா? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 4 மனநலச் சிகிச்சைக்கான திறனைப் பற்றித்தான் பேசுகிறது. பிரிவு 94 எந்த மருத்துவச் சிகிச்சைக்கும் இடம் தருகிறது, ஆனால் உயிருக்கு ஆபத்து, மீளாத கேடு போன்றவை வரும் அவசரத்தில் மட்டும், அதுவும் 72 மணி நேரத்துக்குத்தான். (அவசரமாகட்டும் என்று காத்திருந்தால் விரலோடு போவது காலோடு போகும்.) நிர்வாகம் "சொந்தக்காரர் கையெழுத்து போதும்" என்று வாயால் சொல்கிறது, எழுதித் தர மறுக்கிறது.

இன்னும் அவசரநிலை ஆகாத இப்படிப்பட்ட நோயாளிக்கு, யாருடைய ஒப்புதலை வாங்கி, கேஸ் ஷீட்டில் என்ன எழுதிவிட்டு அறுவை சிகிச்சை செய்தீர்கள்?