மூட்டை தூக்கியதால் குடலில் ஓட்டை விழுமா?

கரிசல்மண்:
என் மச்சான் அரிசி குடோனில் லோடுமேன், வயது 42. போன மாதம் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வயிற்று வலி. வாயுப்பிடிப்பு என்று நினைத்து சோடா குடித்துவிட்டு அங்கேயே சுருண்டு படுத்திருக்கிறார், ராத்திரி வயிறு பலகை மாதிரி இறுகிப்போன பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடலில் ஓட்டை என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது பிழைத்துவிட்டார், ஆனால் செலவு கேட்டால் முதலாளி "இது வேலையால் வந்ததில்லை" என்று கையை விரிக்கிறார். பாரம் தூக்கினால் இப்படி வருமா, வராதா?

வைகைக்கரை:
எங்கள் சித்தப்பாவுக்கு மூட்டை தூக்கித்தான் குடலிறக்கம் வந்தது. ஏன் வராது? முதலாளிகள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்.

சர்ஜரி_வார்டு:
குடலிறக்கம் வேறு, குடலில் ஓட்டை வேறு. நோயில்லாத குடல் வெறுமனே பாரம் தூக்கியதால் கிழிவது மிக அபூர்வம். மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறத்தான் செய்யும், ஆனால் அது எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் குடல் தாங்கிக்கொள்ளும். ஹெர்னியா, அதாவது அந்தக் குடலிறக்கம் இருந்தால் கதை மாறும். வெளியே பிதுங்கிய குடலுக்கு அந்தத் தாங்கல் கிடையாது, அது பிதுங்கி வந்த குறுகிய வாயில் மாட்டி இறுகி ரத்த ஓட்டம் நின்றால் அழுகி ஓட்டை விழும். மூட்டை சரிந்து வயிற்றில் அடிபட்டாலும் குடல் கிழியலாம், அதிலும் வலி முற்ற ஒரு நாள்கூட ஆகும். இதெல்லாம் இல்லையென்றால், ஓட்டை எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி என்றால் நம் ஊரில் டைபாய்டு, காசநோய் என்று சந்தேகிப்போம், தொடக்கப் பகுதி என்றால் பெரும்பாலும் அல்சர், அதாவது குடல் புண். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும்.

கரிசல்மண்:
பார்த்தேன் சார். டியோடினம், முன்சுவர் என்று இருக்கிறது. ஹெர்னியா இல்லை, அடியும் படவில்லை. இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தினமும் மாத்திரை வாங்கிப் போடுவார், டைக்ளோஃபெனாக் என்று அட்டையில் இருக்கிறது. பீடியும் உண்டு.

சர்ஜரி_வார்டு:
டியோடினம்தான் சிறுகுடலின் தொடக்கப் பகுதி. அப்படியென்றால் அல்சர் வெடித்திருக்கிறது. அந்த வலி மாத்திரையைத் தினமும் போட்டால், அதுவும் வெறும் வயிற்றில் பீடியோடு ஓடுகிற ஆளுக்கு, இது நாங்கள் அடிக்கடி பார்க்கிற கதை. பாரம் தூக்கியது புண்ணை உண்டாக்கவில்லை. மெலிந்துபோன இடம் அந்த நேரத்தில் விட்டுப்போக அதுவும் ஒரு காரணமா என்றால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நாளில் பாதி மூட்டையோடு நிற்கிறவருக்கு வலியும் அங்கேதானே தொடங்கும். அந்த மாத்திரையை இனி தொடவே கூடாது. அல்சரை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்குப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், இருந்தால் மருந்து உண்டு. வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் மூன்று மாதமாவது பாரம் தூக்க வேண்டாம், தையல் போட்ட இடத்திலேயே ஹெர்னியா வரலாம்.

தொழிலாளர்_வழக்கு:
சட்டப்படி சொல்கிறேன். குடோனில் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அங்கேதான் போக வேண்டும். வேலைக் காயம் என்று ஏற்காவிட்டாலும் நோய்க்கான உதவித்தொகையாவது கிடைக்கும், சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இ.எஸ்.ஐ. இல்லையென்றால் தொழிலாளர் இழப்பீடு (முன்பு 1923ஆம் வருடச் சட்டம், 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது), தொழிலாளர் துறையில் அதற்குரிய அதிகாரி முன் மனு, 2 வருடத்துக்குள். வேலை நேரத்தில் வந்தது என்று மட்டும் காட்டினால் போதாது, வேலையின் காரணமாக வந்தது என்றும் காட்ட வேண்டும். ஏற்கெனவே நோய் இருந்தது என்பதாலேயே மனு செத்துப்போகாது, ஆனால் அன்றைய பாரம்தான் அதை வெடிக்க வைத்தது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். மேலே அவர் சொன்னதைப் பார்த்தால் அது கஷ்டம்தான், ஜெயித்துவிடலாம் என்று சும்மா ஆசை காட்ட மாட்டேன். அட்மிஷன் அன்று கேஸ் ஷீட்டில் "பாரம் தூக்கும்போது வலி" என்று எழுதியிருக்கிறதா, அந்த நகலை முதலில் வாங்குங்கள்.

கரிசல்மண்:
குடோனில் மொத்தமே ஆறு பேர், பிடித்தம் எதுவும் கிடையாது. திங்கட்கிழமை தையலைக் காட்டப் போகிறோம், நகல் கேட்டுப் பார்க்கிறேன் சார். நலவாரிய அட்டை ஒன்று வைத்திருக்கிறார், புதுப்பிக்காமல் கிடக்கிறது, அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?