2014ல வாங்குன எஸ்எம்பிஎஸ்ஸ இன்னும் ஓட்டலாமா, தூக்கிப் போடணுமா?

எம்கேபி நகர் டிடிபி
வணக்கம் மக்களே. வியாசர்பாடில அப்பா வெச்ச டிடிபி கடை, இப்ப நான்தான் பாத்துக்கிறேன். மெயின் கம்ப்யூட்டர்ல இருக்குற எஸ்எம்பிஎஸ், அதான் உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பெட்டி, 2014ல சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல வாங்குனது, 450 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (கரண்ட வீணாக்காததுக்குத் தர்ற) ரேட்டிங், வாரண்டி 3 வருஷம்தான் குடுத்தாங்க. காலைல 9க்குப் போட்டா நைட்டு 9 வரைக்கும் ஓடும், இதுவரைக்கும் ஒரு நாள் கூட மக்கர் பண்ணல. இப்ப கல்யாண வீடியோ எடிட்டிங் வேல வருதுன்னு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடப் போறேன். ஒருத்தர் மொதல்ல எஸ்எம்பிஎஸ்ஸ மாத்துன்றார், இன்னொருத்தர் நல்லா ஓடுறத ஏன் நோண்டுறன்றார். யார் பேச்ச கேக்குறது?

காசிமேடு கரண்ட்
இன்னா தம்பி, ஓடிகினு கீற பொருள எதுக்குக் கழட்ற. 22 வருஷமா சர்வீஸ் பாக்குறேன், 15 வருஷ சப்ளைலாம் என் டேபிளுக்கு வந்து பேன மட்டும் மாத்திகினு திரும்பிப் போயிருக்கு. புதுசுன்னா மட்டும் சாவாதா? கேபினெட்டோட சும்மா வந்த சப்ளை ஒண்ணு மூணே மாசத்துல படார்னு வெடிச்சி போர்டையும் சேத்து இட்டுகினு போச்சு, கைல தூக்கிப் பாத்தா காலி டப்பா மாரி வெயிட்டே இல்ல. நீ மீட்டர வெச்சி 12 வோல்ட் வர்ற மஞ்சள் வயர்ல பாரு, 11.4க்கும் 12.6க்கும் நடுவுல நின்னா தாராளமா ஓட்டு.

பெரம்பூர் பில்டு
அண்ணே உங்க அனுபவத்துக்கு முழு மரியாத, ஆனா மீட்டர் பாத்து ஓகேன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியாது, ஏன்னா அதுல நானே அடி வாங்கியிருக்கேன். 9 வருஷ சப்ளை, மீட்டர்ல 12.05, வீடியோ ரெண்டர் (எடிட் பண்ணத ஃபைலா மாத்துற வேல) போட்டா மட்டும் இருபதாவது நிமிஷம் ரீஸ்டார்ட். ரேம மாத்துனேன், விண்டோஸ் மூணு தடவ போட்டேன், பிராசசர் பேஸ்ட் வரைக்கும் மாத்திப் பாத்துட்டேன், கடைசில ஃப்ரெண்டோட எஸ்எம்பிஎஸ்ஸ மாட்டுனதும் அன்னிக்கே நின்னுச்சு. உள்ள கரண்ட தேக்கி வெச்சி சீராக்குற கெபாசிட்டர் (கண்டன்சர்னும் சொல்வாங்க) காஞ்சி போனா 12 வோல்ட் மேல சின்னச் சின்ன அலையா ஆடும், அதான் ரிப்பிள். கம்ப்யூட்டர் சப்ளைக்குன்னு இருக்குற ஏடிஎக்ஸ் ஸ்டாண்டர்டு கணக்குப்படி அது 120 மில்லிவோல்ட்டத் தாண்டக் கூடாது. மீட்டர் டிசி வெச்சிப் பாத்தா அந்த ஆட்டம் தெரியவே தெரியாது, அலைய படமா காட்டுற ஆசிலோஸ்கோப் வேணும். பச்ச வயரையும் கருப்பு வயரையும் ஜாயின் பண்ணி பேன் சுத்துதா பாக்குறதும் அதே கததான், ஆன் ஆவுதுன்னு மட்டும்தான் சொல்லும்.

ஒத்தியூர் எலக்ட்ரானிக்ஸ்
ரெண்டு பேருமே வருஷத்துல பேசுறீங்க, மணில பேசுங்க. நல்ல கெபாசிட்டர் மேல 105 டிகிரின்னு போட்டிருக்கும், டேட்டாஷீட்ல அந்த சூட்டுல 2000 மணி நேரம் தாங்கும்னோ 5000 மணி நேரம்னோ இருக்கும். சூடு பத்து டிகிரி கொறஞ்சா ஆயுசு ரெண்டு மடங்குன்னு ஒரு தோராயக் கணக்கு. 2000 மணி நேரப் பொருள் 75 டிகிரில 16,000 மணி, 65ல 32,000 மணி. தம்பி கடை நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்னு வெச்சா பத்து வருஷத்துக்கே 36,000 மணி ஆவுது. மே மாசம் ஏசி இல்லாத கடைல ரூமே 38 டிகிரி, உள்ள 70 ஆவறது பெரிய விஷயமே இல்ல. எங்க திருவொத்தியூர்ல இன்னொரு தொல்ல, உப்புக் காத்து. கடல் பக்கத்து வீட்டு சப்ளைலாம் ஸ்க்ரூவுல துரு, சூட்ட வெளியேத்துற ஹீட்சிங்க் தகட்டுல வெள்ளையா பூத்து வருது.

காசிமேடு கரண்ட்
கணக்கு சரிம்மா, ஆனா கணக்கு முடிஞ்ச அன்னிக்கே கண்டன்சர் செத்துடாது, கம்பெனிக்காரன் சொல்ற ஆயுசுன்றது அது தேக்குற அளவு 20 சதவீதம் மாரி கொறையற வரைக்கும்தான். 5000 மணி நேரத்து சரக்கு போட்டிருந்தா கணக்கே ரெண்டரை மடங்கு ஆவும். என் வீட்டு மெஷின் 2010ல வாங்குனது, நாளைக்கு ஒரு மணி நேரம் போட்டா பெருசு. அதையும் தூக்கிப் போடணுமா?

ஒத்தியூர் எலக்ட்ரானிக்ஸ்
உங்களுது வேறண்ணா, அது இன்னும் 6000 மணி கூட ஓடியிருக்காது, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தம்பி பண்ணப் போறது அது இல்ல. பத்து வருஷத்துக்கு மேல லேசான வேல செஞ்ச சப்ளை மேல புதுசா ஒரு கார்டோட லோட ஏத்துறார். இப்ப வர்ற கார்டுங்க ஒரு கண்ண சிமிட்ற நேரத்துக்கு தன் வாட்டோட ரெண்டு மடங்குக்கு மேல கூட இழுக்கும், அதுக்குத்தான் 2022ல ஏடிஎக்ஸ் 3.0ன்னே ஒண்ணு கொண்டாந்தாங்க. 2014 மாடல அத நெனச்சி செஞ்சிருக்க மாட்டாங்க.

எம்கேபி நகர் டிடிபி
அக்கா இன்னொண்ணு, கேபினெட்டோட பின்பக்க ஸ்க்ரூவ தொட்டா கைல சுருக்குன்னு இழுக்குது. அதுவும் வயசாலதானா?

பெரம்பூர் பில்டு
அப்ப கண்டிப்பா மாத்துங்க ப்ரோ, இன்சுலேஷன் போயிருக்கும்.

காசிமேடு கரண்ட்
இதுல மட்டும் அவசரப்படாத தம்பி. நூத்துக்குத் தொண்ணூறு அது எர்த் இல்லாத பாயிண்ட்டு. உள்ள லைன்ல இருந்து பாடிக்கு சின்னக் கண்டன்சர் போட்டிருப்பான், எர்த் இல்லன்னா அது வழியா பாடில கொஞ்சம் கரண்ட் வந்து நிக்கும், நேத்து வாங்குன சப்ளையும் இதே மாரி இழுக்கும். பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடுங்கள்ல போய்ப் பாரு, மூணு பின் சாக்கெட்டு இருக்கும், பின்னாடி எர்த் வயரே இருக்காது. மொதல்ல எலக்ட்ரீஷியன கூட்டியாந்து எர்த்த பாரு, அது எஸ்எம்பிஎஸ்ஸ விட முக்கியம், கடைல சின்னப் பசங்கள்லாம் வந்து போறாங்க.

பெரம்பூர் பில்டு
சரிண்ணே, அது எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். ஆனா லோடு விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்.

எம்கேபி நகர் டிடிபி
பிளக்க புடுங்கிட்டு பின்னாடி இருக்குற கம்பி வலை வழியா மொபைல் டார்ச் அடிச்சிப் பாத்தேன். பேன் றெக்கைல தூசி கம்பளி மாதிரி ஒட்டிக்கிது, உள்ள வயர் கட்டு பக்கத்துல ரெண்டு கெபாசிட்டர் தல தட்டையா இல்ல, இட்லி மாதிரி லேசா உப்பியிருக்கு, ஒண்ணோட தலைல பிரவுன் கலர்ல ஏதோ காஞ்சிருக்கு. தெறந்து அத மட்டும் மாத்திக்கலாமா?

காசிமேடு கரண்ட்
வேணாம்பா, கைய வெக்காத. பெரிய கண்டன்சர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்க புடுங்குனதும் போயிடும்னு நெனைக்காத. உப்பிகினு பிரவுனா வந்துடுச்சின்னா நானும் ஓட்ட சொல்ல மாட்டேன், அத மாத்து.

எம்கேபி நகர் டிடிபி
சனிக்கிழம ரிச்சி ஸ்ட்ரீட் போறேன். இத பில்லிங் மெஷினுக்காவது போட்டுக்கலாமா, அதுல லோடே கெடையாதே?

ஒத்தியூர் எலக்ட்ரானிக்ஸ்
அந்த மெஷின்லதான கடையோட கணக்கே இருக்கு, அதுலயா வெச்சிப் பாப்பீங்க? வேணாம் தம்பி. புது சப்ளையோட வர்ற வயர மட்டும் மாட்டுங்க, பழசோட மாடுலர் வயர் (சப்ளைல இருந்து கழட்டி மாட்டுற வயர்) உள்ள போவுதேன்னு சொருவிடாதீங்க, சப்ளை பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹார்ட் டிஸ்க் அங்கயே செத்துடும்.

காசிமேடு கரண்ட்
வாங்கசொல்ல கைல தூக்கிப் பாத்து வாங்கு, வாரண்டி 5 வருஷத்துக்குக் கொறையாம கேளு. என் 2010 மெஷின நான் மாத்த மாட்டேன், அத மட்டும் சொல்லிட்டேன்.