திடலில் மாணவன் விழுந்தால் பள்ளி என்ன தயார் செய்ய வேண்டும்?

பி.டி. சார்:
போன மாதம் 400 மீட்டர் ஓட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சுருண்டு விழுந்தான். வலிப்பு என்று நினைத்து யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நானும் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, வெறும் மயக்கம், எழுந்துவிட்டான். இதயம் நின்றிருந்தால்? எங்கிருந்து தொடங்குவது?

செவிலியர் அக்கா:
சார், தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறான் என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திணறல் மூச்சே அல்ல. பலரும் ஏமாறுவது இங்கேதான். கைகால் கொஞ்சம் வெட்டி இழுப்பதும் உண்டு. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் அழுத்தட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 செ.மீ. ஆழம். பயந்து லேசாக அழுத்தினால் பலனில்லை.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் ஏ.இ.டி. கருவி வாங்கினால் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். 2021-இல் நடந்த யூரோ கோப்பைக் கால்பந்தில் டென்மார்க் வீரர் எரிக்சன் இதயம் நின்று விழுந்தபோது மைதானத்திலேயே கருவி வந்தது, பிழைத்தார்.

பி.டி. சார்:
நன்றி அக்கா, ஐயா. இன்று திடலின் கோடியிலிருந்து அலுவலகம் வரை ஓடிப் பார்த்தேன். போய்வர 4 நிமிடம்! கருவியைத் திடலை ஒட்டிய ஸ்டோர் ரூம் வாசலில் மாட்டச் சொல்கிறேன். அப்புறம், பின்பக்க கேட் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் மட்டுமே இருக்கிறது. முதல் பயிற்சி அவருக்குத்தான்.