காக்ளியர் வைத்த குழந்தையிடம் கையால் பேசலாமா, கூடாதா?

யாழினி அம்மா, கரூர்:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு 2 வயசு 8 மாசம். பிறவியிலேயே ரெண்டு காதும் கேக்காது. ஒண்ணரை வயசுல பெரா டெஸ்ட் (காது கேக்குதான்னு பார்க்கிற டெஸ்ட்) எடுத்தப்பதான் தெரிஞ்சது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல, காதுக்குள்ள கருவி வைக்கிற காக்ளியர் ஆப்பரேஷன் முடிஞ்சு, வெளிய மாட்டுற மிஷினை ஸ்விட்ச் ஆன் பண்ணி 4 மாசம் ஆகுது. தெரபில கண்டிப்பா சொல்லிட்டாங்க, "கையால எதுவும் காட்டாதீங்க, காதால கேக்க வைங்க"ன்னு.

என் மாமியாரும் அவளும் ஏகப்பட்ட சைகை வச்சிருக்காங்க. மூக்குக்குக் கீழ ரெண்டு விரல் வச்சா தாத்தா. கன்னத்துல கை வச்சா தூக்கம். நிறுத்தணும்னு சொன்னதும் அத்தை, "வாய்தான் இன்னும் வரல, கையையும் கட்டிப் போடணுமா"ன்னு அழுதுட்டாங்க. குளிக்கும்போதும் தூங்கும்போதும் மிஷினைக் கழட்டிடுவோம். அந்த நேரத்துல அவகிட்ட எப்படிப் பேசறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மீனா, பேச்சுப் பயிற்சியாளர்:

யாழினி அம்மா, தெரபிஸ்ட் சொன்னது சரிதான். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தா உங்க அத்தை அழுதிருக்க மாட்டாங்க.

யாழினிக்கு வயசு 2 வருஷம் 8 மாசம். ஆனா கேக்கிற வயசு 4 மாசம்தான். இத்தனை நாள் கண்ணை வச்சே உலகத்தைப் படிச்ச குழந்தை. கையும் குரலும் சேர்ந்து வந்தா கண்ணு முந்திக்கும், காதுக்கு வேலை இருக்காது. மூளையில ஒலிக்கான இடம் முதல் மூணு வருஷத்துலதான் வேகமா வளரும். அதனாலதான் முதல்ல காதுக்குக் கொடுங்கன்னு சொல்றோம். "பால் வேணுமா?"ன்னு கேளுங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணிக் காத்திருங்க. திரும்பச் சொல்லுங்க. அப்புறமா டம்ளரைக் காட்டுங்க.

நம்ம தமிழ்ல இன்னொரு சிக்கல் இருக்கு. வந்தான், வந்தாள், வந்தாங்க: யாரு வந்தாங்கன்னு சொல்றதே சொல்லோட வால்தான். அந்த வாலைத்தான் பேச்சுல நாம முழுங்கறோம். உதட்டையும் கையையும் பார்த்தே வளர்ற குழந்தைக்கு அது பிடிபடாது. காதாலதான் பிடிபடும். கல், கால். பல், பால். நெடில் குறில் வித்தியாசத்துல ஆரம்பிங்க, அது சீக்கிரம் கேக்கும்.

தினம் காலைல மிஷின் போட்டதும் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆறையும் வாயைக் காட்டாம சொல்லிப் பாருங்க. ஒண்ணுக்குத் திரும்பாம இருந்தாலும் குறிச்சு வச்சு, மிஷினோட அளவைச் சரிபண்ற மேப்பிங்ல சொல்லுங்க. மிக்ஸி ஓடும்போது பேச்சுப் பயிற்சி வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க. தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும்.

விரல்கள்:

நான் பிறவியில் காது கேளாதவன். வயது 41. சகோதரி, உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி.

நான் படித்த பள்ளியில் சைகை காட்டினால் புறங்கையில் ஸ்கேல் அடி விழும். "ப" சொல்ல மெழுகுவத்திச் சுடரை ஊத வைத்தார்கள். சுடர் ஆடினால் "ப" சரி. வருடக்கணக்கில் சுடரை ஆட்டினேன். மழை ஏன் வருகிறது, தாத்தா ஏன் திரும்பி வரவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்குள் ஒரு மொழி இல்லை. உதட்டைப் படி என்றார்கள். படம், மடம், பணம், மணம்: கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் எது எது என்று தெரிகிறதா?

17 வயதில் ஒரு பேருந்து நிலையத்தில் கையால் பேசிக்கொண்டிருந்த நான்கு பேரைப் பார்த்தேன். அன்றுதான் எனக்கு ஒரு மொழி கிடைத்தது. மேடம் சொன்ன வந்தான், வந்தாள் வித்தியாசத்தை அதற்குப் பிறகு தினசரி படித்துக் கற்றேன். காதால் அல்ல.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் கூடி, சைகையை விலக்கி வாய்மொழியில் மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்பவர்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாட்டில் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருடம். அதற்குள் எத்தனை தலைமுறைக் குழந்தைகள்!

மீனா, பேச்சுப் பயிற்சியாளர்:

அண்ணா, உங்களை அடிச்சது கொடுமை. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனா அன்னைக்கு நடந்ததும் இன்னைக்கு நாங்க செய்யறதும் ஒண்ணில்லை. நாங்க உதட்டைப் படிக்கச் சொல்லித் தர்றதில்லை. கேக்கச் சொல்லித் தர்றோம். நீங்க படிச்ச காலத்துல நெஞ்சுல மாட்டுற பெட்டி மிஷின்தான். ஆழமான குறைபாட்டுக்கு அதால பெருசா பயன் கிடையாது. இன்னைக்கு நேரா நரம்புக்கே மின்தூண்டல் போகுது.

சென்னையில காது கேளாத குழந்தைகளுக்கான பால வித்யாலயா பள்ளி 1969லருந்து இருக்கு. காக்ளியர் வர்றதுக்கு முன்னாடியே, வெறும் காது மிஷினை வச்சு, தாயைக் கூடவே உட்கார வச்சு, 5 வயசுக்குள்ள குழந்தைகளைப் பேச வச்சுப் பொதுப் பள்ளிக்கு அனுப்பினாங்க. 2017ல ஆன் கியர்ஸ்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு 'பீடியாட்ரிக்ஸ்'ங்கற குழந்தை மருத்துவ இதழ்ல காக்ளியர் வச்ச 97 குழந்தைகளைப் பத்தி எழுதியிருக்காங்க. சைகை இல்லாம வளர்ந்த குழந்தைகளோட பேச்சும் வாசிப்பும் மேல இருந்தது.

பெரியகுளம் அப்பா:

மேடம், நான் ஆராய்ச்சி படிச்சவன் இல்ல. என் பையன் கதையச் சொல்றேன்.

"எங்க மாமாவும் லேட்டாத்தான் பேசுனாரு"ன்னு வீட்ல சொல்லிச் சொல்லியே நாலு வயசு ஆயிருச்சு. ஆப்பரேஷன் நடக்கும்போது அஞ்சரை. ரெண்டு வருசம் ஒரு நாள் விடாம தெரபி. சைகை கூடாதுன்னாங்க, காட்டல. அவனுக்குச் சத்தம் கேட்டுச்சு, அர்த்தம் ஆகல. பேர் சொன்னாத் திரும்புவான். நடுவுல கேபிள் அறுந்து அஞ்சு வாரம் மிஷின் இல்லாம இருந்தான். அந்த அஞ்சு வாரமும் பச்சப் புள்ளையில எப்படி இருந்தானோ அப்படி. சுவத்துல தலைய முட்டுவான், கடிப்பான். பிடிவாதக்காரன்னு நெனச்சு நானே அடிச்சிருக்கேன். அத நெனச்சா இன்னைக்கும் தூக்கம் வராது.

இப்ப 9 வயசு. சைகை சொல்லித் தர்ற பள்ளிக்கூடத்துல சேத்தோம். சேத்து எட்டு மாசத்துல, எங்க மாடு வித்த அன்னைக்கு, அவன் என்னைப் பார்த்துக் கையால "ஏன்"னு கேட்டான். ஏழு வயசுக்கு மேல என் புள்ள கேட்ட மொதக் கேள்வி. கடிக்கிறது அத்தோட நின்னுச்சு.

மீனா, பேச்சுப் பயிற்சியாளர்:

படிச்சதும் மனசு கனத்துப் போச்சு, ஐயா. உங்க பையனுக்குச் சைகையை முன்னாடியே கொடுத்திருக்கணும். அஞ்சு வயசுக்கு மேல வச்சும் பேச்சு வரலைன்னா அதுக்கப்புறமும் "காத்திருங்க"ன்னு சொல்றது எங்க தரப்புத் தப்பு. அதை ஒத்துக்கறேன்.

யாழினி அந்த நிலையில இல்லை, அவளுக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னொண்ணும் கேக்கறேன். கரூர்ல அந்தம்மாவுக்குச் சைகை மொழி யார் சொல்லித் தருவாங்க? தாத்தா, தூக்கம், சாப்பாடுன்னு இருபது சைகை ஒரு மொழி ஆகாது. பேச்சும் அரைகுறை, சைகையும் அரைகுறைன்னு நிக்கிற குழந்தைகளை நான் நிறையப் பார்க்கறேன்.

விரல்கள்:

மேடம், முதல் முறையாக நாம் ஒரே கேள்விக்கு வந்திருக்கிறோம். இருபது சைகை மொழி ஆகாது. சரி. அதனால் இருபதையும் பிடுங்குவதா, இரண்டாயிரம் ஆக்குவதா?

நீங்கள் சொன்ன ஆராய்ச்சியில் சைகை காட்டிய குடும்பங்கள் யார்? பெரும்பாலும் அப்போதுதான் கற்கத் தொடங்கிய, காது கேட்கும் பெற்றோர். ஆளுக்கு ஒரு விதமாகக் காட்டியவர்கள். சரளமாகச் சைகை பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை அது அளக்கவில்லை. அப்போதே பலர் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கிறது. இலவசம். சகோதரி, தினம் மூன்று சொல் போதும். உங்கள் ஊரிலும் எங்களைப் போன்ற பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவரையாவது வீட்டுக்கு அழையுங்கள். காது கேட்காமலே வேலைக்குப் போய், குடும்பம் நடத்தும் ஒரு மனிதரை யாழினி பார்க்கட்டும். நான் 17 வயது வரை பார்த்ததில்லை. காது கேளாத பிள்ளைகள் வளர்ந்தால் செத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

யாழினி அம்மா, கரூர்:

அண்ணா, அந்தக் கடைசி வரியை அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசல.

நான் இப்படி முடிவு பண்ணியிருக்கேன். மிஷின் காதுல இருக்கிற நேரம் முழுக்க மேடம் சொன்ன மாதிரி. முதல்ல குரல், அஞ்சு எண்ணிக் காத்திருக்கிறது, தினம் காலைல ஆறு ஒலி. மிஷின் கழட்டினதும் கை. வீட்டுச் சைகை மட்டும் இல்ல, அகராதி பார்த்து நிஜச் சைகை. அத்தைதான் முதல் ஸ்டூடண்ட்.

நேத்து ஆறு ஒலில ஸ் தவிர அஞ்சுக்கும் திரும்பினா. குக்கர் விசிலுக்குக் காதைத் தொட்டுக் காட்டினா. ராத்திரி நல்ல மழை. மிஷின் கழட்டித் தூங்க வச்சாச்சு, ஆனா எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போய் நின்னுட்டு என் கையைப் பிடிச்சு இழுத்தா. எனக்குச் சொல்லத் தெரியல. மழைக்குக் கை எப்படிண்ணா?

விரல்கள்:

இரண்டு கையையும் தலை உயரத்துக்குத் தூக்குங்கள். விரல்களை அசைத்தபடியே கீழே இறக்குங்கள். பெருமழை என்றால் வேகமாக. முகத்திலும் மழை தெரிய வேண்டும்.

மீனா, பேச்சுப் பயிற்சியாளர்:

எனக்கு இதுல இன்னும் முழுச் சம்மதம் இல்லை. மிஷின் போட்டிருக்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுடுமோன்னு பயம் இருக்கு. அதனால தினம் எத்தனை மணி நேரம் காதுல இருந்ததுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு இங்கயே போடுங்க. குறைஞ்சிருந்தா நான் சண்டைக்கு வருவேன்.

ஸ்-க்குத் திரும்பலைன்னா அடுத்த மேப்பிங் வரைக்கும் காத்திருக்காதீங்க, நாளைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. காலைல மிஷின் போட்டதும் அதே ஜன்னல்கிட்ட அவளைக் கூட்டிட்டுப் போங்க. ஓட்டுல இருந்து தண்ணி சொட்டுதான்னு பாருங்க. கையைப் பின்னாடி வச்சுக்கிட்டு, காதுகிட்ட, "மழை... ராத்திரி மழை பெஞ்சுதுல்ல?"ன்னு சொல்லுங்க.